காத்திருப்பு அறைக்குப் பின்னணி இசை: அளப்பதில் தொடங்கி ஒப்படைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காத்திருக்கும் இடத்துக்கு யாரும் இசை கேட்க வருவதில்லை. தன் பெயரை எப்போது கூப்பிடுவார்கள், தன் எண் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கூப்பிடு குரல் எல்லா இருக்கைகளுக்கும் தெளிவாகப் போய்ச் சேருவதுதான் அந்த அறையின் முதல் தேவை. இசை அதற்கு அடுத்தது. பல இடங்களில் வேலை தலைகீழாக நடக்கிறது. முதலில் ஸ்பீக்கர் வாங்கி மாட்டுகிறார்கள், பிடித்த பாடல்களைப் போடுகிறார்கள், பிறகு அறிவிப்பு கேட்கவில்லை என்று மைக்கின் ஒலியைக் கூட்டுகிறார்கள். கடைசியில் அறை முழுக்க இரைச்சல்தான் மிஞ்சுகிறது. இங்கே அறிவிப்பிலிருந்து பின்னோக்கி வருவோம்.

கணக்குப் போட்டுக் காட்ட ஓர் அறையை வைத்துக்கொள்வோம்: 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். முப்பது இருக்கைகள், ஒரு வரவேற்பு மேசை, உள்ளே போகும் நடைபாதை, ஒரு லிஃப்ட். உங்கள் இடத்தின் அளவுகளை இதே வரிசையில் போட்டுப் பார்க்கலாம்.

படி 1: இசை தேவையா என்று முடிவெடுப்பது

இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லோரும் உள்ளே போய்விடும் இடத்துக்கு இசை வேண்டாம். ஒலியுடன் ஓடும் தொலைக்காட்சி இருக்கும் அறையிலும் வேண்டாம். இரண்டில் ஒன்றுதான் பேச வேண்டும். நிமிடத்துக்கு ஓர் அறிவிப்பு வரும் இடத்தில் இசை வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும், அது நிம்மதியைக் கெடுக்கும்.

இசை உண்மையிலேயே உதவுவது மிக அமைதியான அறையில். இருமல், நாற்காலி நகரும் சத்தம், வரவேற்பு மேசையில் ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்வது என எல்லாம் எல்லோர் காதிலும் விழும் அறையில், மெல்லிய இசை ஒரு திரை போல நின்று கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் ரகசியம் காக்க வேண்டிய பேச்சுக்கு இந்தத் திரை போதாது. இசையில் இடைவெளி உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு. அந்த இடைவெளிகளில் பேச்சு நழுவி வெளியே வந்துவிடும். அங்கே தேவை தடுப்புச் சுவரும், மேசைக்கும் முதல் வரிசைக்கும் இடையே நல்ல தூரமும், பேச்சை மூடி மறைக்கும் சீரான இரைச்சலும்.

இன்னொன்றையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்குப் பின்னணி இசை பேச்சோடு கலந்து குழம்பும். சத்தத்துக்கு எளிதில் தவித்துப்போகும் குழந்தைகளும் பெரியவர்களும் உண்டு. இசை எட்டாத ஒரு மூலையையாவது ஒதுக்கி, அது இருக்கிறது என்று பலகை வையுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அழைப்பு கண்ணால் தெரிய ஒரு திரை வேண்டும்.

படி 2: அறையை அளப்பது

ஒலி அளவு மீட்டரை ‘ஏ’ அளவுகோலிலும் ‘ஸ்லோ’ நிலையிலும் வையுங்கள். உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். மீட்டர் அந்த உயரத்தில் நிற்க வேண்டும். ஐந்து இடங்களில், மூன்று வேளைகளில் (அறை காலியாக, பாதி நிறைந்து, முழுதாக நிறைந்து) அளந்து குறியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடச் சராசரி வேண்டும். ஒரு நொடியில் தெரியும் எண்ணை எழுதிக்கொண்டு வராதீர்கள். கைபேசிச் செயலி ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட உதவும். அது காட்டும் எண் சில டெசிபல் பிசகியிருக்கலாம் என்பதால், ஒரு முறையாவது உண்மையான மீட்டரின் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் அறையில் காலியாக இருக்கும்போது 42, பாதி நிறைந்தபோது 50, முழுதாக நிறைந்தபோது 58 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தூரத்தில் இருவர் இயல்பாகப் பேசுவது ஏறத்தாழ 60 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். அப்படியானால் இந்த அறையின் இரைச்சல் ஒரே நாளில் மூன்று மடங்காகவும் ஆகிறது. காலையில் சரியாக இருந்த வால்யூம் பதினோரு மணிக்குச் சரிவராமல் போவது இதனால்தான்.

அடுத்து முழக்கம். அறையின் நடுவில் நின்று ஒரே ஒரு கைதட்டு. ஒலி சட்டென்று அடங்கினால் நல்லது. வால் நீண்டு இழுத்தாலோ, இரண்டு சுவர்களுக்கிடையே ‘டர்ர்ர்’ என்று துள்ளினாலோ, ஸ்பீக்கருக்குச் செலவிடும் பணத்தைக் கூரைக்குச் செலவிடுங்கள். கணக்கு எளியது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் நொடியில் கிடைக்கும். இது அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் தந்த சூத்திரம். நம் அறையின் கன அளவு 162 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 198 சதுர மீட்டர். எல்லாமே டைல்ஸும் கண்ணாடியும் பூச்சுமாக இருந்து, விழும் ஒலியில் நூற்றுக்கு 5 பங்குதான் உறிஞ்சப்படுகிறது என்றால் உறிஞ்சும் பரப்பு 10 சதுர மீட்டர், அடங்க 2.6 நொடி ஆகும். அதில் பெயர்கள் சேறாகிவிடும். கூரையின் 54 சதுர மீட்டரை மட்டும் 0.7 உறிஞ்சு திறனுள்ள (விழும் ஒலியில் நூற்றுக்கு 70 பங்கை உறிஞ்சும்) பலகையாக மாற்றினால் உறிஞ்சும் பரப்பு 45 ஆகும், நேரம் 0.6 நொடிக்கும் கீழே இறங்கும். பேச்சுக்கு 0.8 நொடிக்குள் இருந்தால் போதும். இந்த ஒரு மாற்றம் எந்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரும் தராத தெளிவைத் தரும்.

படி 3: ஒலி அளவுத் திட்டம்

தாளில் மூன்று எண்கள் எழுதுங்கள்: இரைச்சல், இசை, அறிவிப்பு. அறிவிப்பு இரைச்சலைவிட 10 முதல் 15 டெசிபல் மேலே நிற்க வேண்டும். இசை இரைச்சலைவிட 3 முதல் 5 டெசிபல் மேலே இருந்தால் போதும். பாதி நிறைந்த நம் அறைக்கு 50, 54, 65 என்று வரும்.

அறை நிறைந்து இரைச்சல் 58-ஐத் தொட்டால் இசையை 62-க்கு ஏற்ற வேண்டும் என்று தோன்றும். ஏற்றாதீர்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தாமறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் இதை விளக்கினார். அவர் பெயராலேயே இந்த விளைவு அழைக்கப்படுகிறது. இசை ஏறினால் பேச்சு ஏறும், பேச்சு ஏறினால் இசையை மறுபடி ஏற்றத் தோன்றும். நெரிசலான அறையில் கூட்டத்தின் முணுமுணுப்பே திரையாகிவிடும். இசைக்கு அங்கே வேலை இல்லை. 56 டெசிபலை உச்ச வரம்பாக வைத்து, அதற்கு மேல் இசையைக் கூட்டத்தில் கரையவிடுங்கள். இன்னும் நல்லது, அந்த நேரத்தில் நிறுத்திவிடுவது.

இரைச்சலை அளந்து தானாக வால்யூமைக் கூட்டும் கருவிகளுக்கும் இதே எச்சரிக்கை. அவற்றின் மைக், இசையையே இரைச்சலாக எண்ணி மேலே மேலே ஏறும். பயன்படுத்தினால் ஏற்ற இறக்க வீச்சை மொத்தம் 6 டெசிபலுக்குள் கட்டிவையுங்கள்.

படி 4: ஸ்பீக்கர்களும் வயரிங்கும்

இரண்டு பெரிய ஸ்பீக்கரை ஒரு சுவரில் மாட்டுவது மலிவான வழி, கெட்ட வழி. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று வைத்தால் முதல் வரிசையில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். கூரையில் சிறிய ஸ்பீக்கர் பலவற்றைப் பதித்து, ஒவ்வொன்றையும் மெதுவாக ஒலிக்க விடுவதுதான் முறை.

எத்தனை வேண்டும்? கூரை உயரத்திலிருந்து காது உயரத்தைக் கழியுங்கள்: 3 கழித்தல் 1.2, அதாவது 1.8 மீட்டர். 90 பாகை பரவும் ஸ்பீக்கர் அந்த உயரத்தில் அதன் இரு மடங்கு, 3.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை மூடும். ஸ்பீக்கர் விவரத்தாளில் இருக்கும் பரவல் கோணம் எந்த அதிர்வெண்ணுக்கு என்று பாருங்கள். தாழ்ந்த ஒலியில் எல்லா ஸ்பீக்கரும் அகலமாகத்தான் பரவும், பேச்சின் தெளிவு இருக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில் குறுகிவிடும். வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறி நிற்க, 3 மீட்டருக்கு ஒன்று என வையுங்கள். 9-க்கு 6 அறையில் மூன்று வீதம் இரண்டு வரிசை, ஆக ஆறு. சுவரிலிருந்து முதல் ஸ்பீக்கர் 1.5 மீட்டர் தள்ளி வரும்.

வரவேற்பு மேசைக்கு நேர் மேலே எதையும் வைக்காதீர்கள். வந்தவர் அரை மணியில் போய்விடுவார்; மேசையில் இருப்பவர் எட்டு மணி நேரம் அதே இசைக்குக் கீழே உட்காருகிறார். மைக்கும் அங்கேயே இருப்பதால் ‘கீச்’ என்ற ஊளையும் கிளம்பும். இரண்டு மீட்டராவது தள்ளுங்கள். இடம் இல்லையென்றால் அந்த ஒரு ஸ்பீக்கருக்குத் தனி வால்யூம் குமிழ் கொடுங்கள்.

வாட் பற்றிய பயம் வேண்டாம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் சாதாரண கூரை ஸ்பீக்கர், 1.8 மீட்டரில் 85 தரும். நமக்கு அறிவிப்பின் உச்சத் தேவை 70-ஐ ஒட்டி. அதற்கு ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்கே போதும். பேச்சின் திடீர் உச்சங்களுக்கு இடம் விட்டு, ஸ்பீக்கரில் 1.5 வாட் அல்லது 3 வாட் என்று குறித்த இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இத்தனை ஸ்பீக்கரை ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஓட்ட 100 வோல்ட் லைன் முறை ஏற்றது. சில நாடுகளில் இதுவே 70 வோல்ட். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், எல்லாவற்றையும் ஒரே இரட்டை வயரில் இணையாகக் கோத்துக்கொண்டே போகலாம். தேர்ந்தெடுத்த வாட்டுகளின் கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் திறனில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் ஆறும் 3 வாட் வீதம் 18 வாட். நடைபாதைக்கு நான்கு சேர்த்தாலும் 30 வாட். 60 வாட் ஆம்ப் தாராளம். வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். 60 வாட் சுமையில் 100 மீட்டர் ஓட்டத்துக்குக்கூட இழப்பு ஒன்றரை வோல்ட் அளவில்தான், காதுக்குத் தெரியாது. கூட்டல் முனை கூட்டலுக்கும் கழித்தல் கழித்தலுக்கும் போகிறதா என்று ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் பார்த்துப் பூட்டுங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் இணைக்கும் முன் லைனின் மின்தடையை இம்பீடன்ஸ் மீட்டரில் அளக்க வேண்டும். 100 வோல்ட்டில் எதிர்பார்க்க வேண்டிய எண், 10,000-ஐ மொத்த வாட்டால் வகுத்தால் வரும்: 18 வாட்டுக்கு 555 ஓம். பாதிக்கும் கீழே காட்டினால் எங்கோ தவறான இணைப்பு இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் கம்பியை மட்டும் அளந்து மிகச் சிறிய எண்ணைக் காட்டும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படி 5: ஒலியைச் சீர்செய்வது

மோனோவில், அதாவது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி, ஓட்டுங்கள். ஸ்டீரியோவில் விட்டால் ஒரு வரிசைக்கு வயலினும் இன்னொரு வரிசைக்கு மேளமும் மட்டும் கேட்கும். பிளேயரின் இரண்டு சேனலையும் ஒரே வயரில் முறுக்கி இணைக்காமல், மோனோவாக்கும் அமைப்பையோ மிக்ஸரையோ பயன்படுத்துங்கள்.

ஈக்வலைசரில் மூன்று வேலை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள் ஆழ்ந்த ஒலியில் திணறி, மெதுவான வால்யூமிலும் கரகரப்பைத் தரும். 150 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் கூட்டுங்கள். ஒலி மெதுவாக இருக்கும்போது காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் குறைவாகவே எட்டும். இசைக்கான சேனலில் மட்டும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் இறக்குங்கள். மனிதப் பேச்சின் மெய்யெழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. இசை அங்கே கொஞ்சம் ஒதுங்கி நின்றால் அறிவிப்பும், பக்கத்து இருக்கையின் பேச்சும் தடையின்றிப் போகும்.

பாடல்களின் சத்தம் ஒன்றுக்கொன்று மாறக் கூடாது. கணினியில் எல்லாக் கோப்புகளையும் ஒரே அளவுக்கு, மைனஸ் 20 எல்யூஎஃப்எஸ் (பாடலின் சராசரிச் சத்தத்தைக் குறிக்கும் அலகு) என்று வையுங்களேன், சமன் செய்துவிடுங்கள். எண் எதுவானாலும் எல்லாம் ஒன்றாக இருப்பதே வேண்டியது. ஒரே பாடலுக்குள் மெல்லிய பகுதி இரைச்சலில் மறைந்து திடீரென்று உச்சம் வெடிக்கும் இசைக்கு, சத்தமான பகுதியைத் தானாக அடக்கும் கம்ப்ரஸர், 2-க்கு 1 என்ற மென்மையான அளவில், உதவும். அதற்கும் அடங்காவிட்டால் அந்தப் பாடலை நீக்குங்கள். பின்னணிக்கென்று பிறக்காத நல்ல இசையை நசுக்கிப் பின்னணியாக்குவது அந்த இசைக்கும் செய்யும் அநியாயம்.

படி 6: இசைத் தேர்வு

குரல் இல்லாத கருவி இசையிலிருந்து தொடங்குங்கள். புரிகிற மொழியில் வரிகள் வந்தால் மனம் தானாக அதைப் பின்தொடரும். படிவம் நிரப்புபவர் இரண்டு முறை தவறெழுதுவார். எல்லோருக்கும் தெரிந்த பாடலின் கருவி வடிவம் பாதுகாப்பானது என்று நினைப்பது பொதுவான தவறு. தெரிந்த மெட்டு வந்ததும் கேட்பவர் மனதுக்குள் பாட ஆரம்பித்துவிடுவார், பாதியில் பெயர் கூப்பிட்டால் காதில் விழாது. அந்தப் பாட்டோடு ஒட்டிய துக்கமோ காதலோ சேர்ந்து எழும்.

வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு. ரொனால்ட் மில்லிமன் 1982-இல் வெளியிட்ட சூப்பர்மார்க்கெட் ஆய்வில், மெதுவான இசையில் மக்கள் மெதுவாக நடந்தார்கள், அதிகம் வாங்கினார்கள். அதைக் காட்டி ‘இசை போட்டால் காத்திருக்கும் நேரம் குறைவாகத் தெரியும்’ என்று விற்பவர்கள் உண்டு. கடையில் உலவுபவரும் கவலையோடு உட்கார்ந்திருப்பவரும் ஒன்றல்ல. காத்திருக்கும் நேரத்தை உண்மையில் சுருக்கிக் காட்டுவது ‘உங்களுக்கு முன் நான்கு பேர்’ என்ற தகவல்தான். இசை அந்தத் தகவலுக்கு மாற்று அல்ல. அந்த நேரத்தைக் கொஞ்சம் இதமாக்கும், அவ்வளவே. துள்ளல் இசையும் வேண்டாம். பயத்தோடு இருப்பவருக்கு உற்சாகமான தாளம் தன்னைக் கண்டுகொள்ளாதது போலப் படும்.

ஒவ்வொரு பாடலையும் மூன்று இடத்தில் கேளுங்கள்: முதல் பத்து நொடி, கடைசிப் பத்து நொடி, மிகச் சத்தமான இடம். தொலைபேசி மணி, கடிகார டிக் டிக், சைரன், இதயத் துடிப்பு, குழந்தை அழுகை போன்ற ஒலிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். இதைக் காதில் மாட்டும் ஹெட்ஃபோனில் செய்யாமல், அந்த அறையின் கூரை ஸ்பீக்கரிலேயே செய்ய வேண்டும். பேஸ் கிட்டாரைத் தூணாக வைத்து எழுந்த இசை, அந்தச் சிறிய ஸ்பீக்கரில் தூண் இல்லாத மண்டபமாகத் தொங்கும்.

எத்தனை பாடல்? சராசரி 4 நிமிடம் என்றால் மணிக்கு 15, எட்டு மணி நேரத்துக்கு 120. அந்த 120-ஐ மட்டும் வைத்தால் ஊழியர் ஒவ்வொரு பாடலையும் தினமும் கேட்பார். 300 வைத்துக்கொண்டு வாரம் இருபது முப்பதை மாற்றிவாருங்கள். பட்டியலை விடக் கவனிக்க வேண்டியது பிளேயர் எப்படித் தொடங்குகிறது என்பது. காலையில் மின்சாரம் போட்டதும் முதல் பாடலிலிருந்து தொடங்கும் பிளேயரில், முதல் முப்பது பாடல்கள் நாள்தோறும் ஒரே நேரத்தில் வரும். பட்டியலின் வால் ஒருநாளும் வெளிச்சம் காணாது. விட்ட இடத்திலிருந்து தொடரும் பிளேயர், அல்லது ஒலித்த பாடலை நினைவில் வைத்து மறுபடி எடுக்காத கலைப்பு முறை வேண்டும்.

மௌனத்தையும் பட்டியலில் சேருங்கள். 1934-இல் பெயர் சூட்டப்பட்ட மியூசாக் நிறுவனம், பணியிடங்களுக்கு இசை அனுப்பியபோது 15 நிமிடத் தொகுப்பு, பின் 15 நிமிட மௌனம் என்று மாற்றி மாற்றி ஓட்டியது. அவர்கள் நோக்கம் உழைப்பை முடுக்குவது, நம் நோக்கம் அதுவல்ல. ஆனாலும் காதுக்கு ஓய்வு வேண்டும் என்பது இங்கும் பொருந்தும். மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் நிறுத்துங்கள். வெட்டாமல், இருபது நொடியில் தேய்ந்து மறையட்டும். சட்டென்று நின்றால் அறை முழுக்கத் தலை தூக்கிப் பார்க்கும்.

படி 7: நடைபாதை, கழிவறை, லிஃப்ட், வாகன நிறுத்தம்

இரண்டு பகுதிகளில் வெவ்வேறு இசை ஓடினால், நடுவில் ஐந்தாறு மீட்டராவது இசையற்ற இடம் வேண்டும், அல்லது மூடிய கதவு. இரண்டு இசை கலக்கும் வாசலில் நிற்பதைப் போன்ற அசௌகரியம் வேறில்லை. எளிய வழி, ஒரே இசையை எல்லா இடத்துக்கும் அனுப்பி அளவை மட்டும் படிப்படியாக இறக்குவது: அறையில் 54, நடைபாதையில் 50, உள் அறைகளின் வாசலில் ஒன்றுமில்லை.

நீண்ட நடைபாதையில் ஆளுக்கொரு வைஃபை ஸ்பீக்கர் வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் சில பத்து மில்லி நொடி முன்பின்னாக ஓடும். 50 மில்லி நொடியைத் தாண்டினால் தெளிவான எதிரொலியாகக் கேட்கும். ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரே லைன் போனால் இந்தச் சிக்கலே எழாது.

கழிவறையை மறந்துவிடுவார்கள். அங்கே இருப்பவருக்கும் பெயர் கூப்பிடப்படலாம். இசை போடாவிட்டாலும் அறிவிப்பு அங்கே கேட்க வேண்டும். வெளித் திண்ணைக்கும் அதுவே.

லிஃப்டில் ஒருவர் இருப்பது அரை நிமிடம். எந்தப் பாடலின் தொடக்கமும் முடிவும் அவருக்குக் கிடைக்காது, நடுவிலிருந்து ஒரு துண்டுதான். ஆகவே நீண்டு ஒலிக்கும், எங்கே நுழைந்தாலும் பொருந்தும் இசை வேண்டும். கதவு திறக்கும்தோறும் பாடல் முதலிலிருந்து தொடங்கும் அமைப்பு மிக மோசம். லிஃப்டின் மோட்டார் இயக்கி வயர்களில் ரீங்காரத்தை ஏற்றும் என்பதால், கூண்டுக்குப் போகும் ஒலி வயர் கவசமிட்ட, சமனிலை இணைப்பாக இருக்கட்டும். அவசரப் பேசு பொத்தானை அழுத்தினால் இசை உடனே அறுபட வேண்டும். இதை லிஃப்ட் பராமரிப்பாளரைக் கொண்டே இணையுங்கள்.

வாகன நிறுத்தத்துக்கும் மாடிப்படிக்கும் இசை வேண்டாம். வெறும் கான்கிரீட்டில் எந்த இசையும் குழம்பாகிவிடும். நடப்பவருக்குப் பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்பது அதைவிடத் தேவை.

படி 8: அறிவிப்பும் அவசர நிலையும்

மைக் பொத்தானை அழுத்தியதும் இசை 12 டெசிபலாவது இறங்க வேண்டும், இறங்க 0.3 நொடி, பேச்சு முடிந்து திரும்ப ஏற 3 நொடி. பேசும் முன் மென்மையான ஒரு மணியோசை, அரை நொடி இடைவெளி, பிறகு பெயர். மணி கேட்டுத் தலை நிமிரவே அந்த அரை நொடி. பெயரை இரண்டு முறை சொல்லுங்கள், எங்கே போக வேண்டும் என்பதைப் பெயருக்குப் பிறகு சொல்லுங்கள்.

சுவர் வால்யூம் குமிழ்கள் இருந்தால், அறிவிப்பு வரும்போது குமிழைத் தாண்டி முழு அளவில் போகச் செய்யும் 24 வோல்ட் ரிலே உள்ள வகையை வாங்குங்கள். சாதாரணக் குமிழை யாராவது பூஜ்யத்தில் வைத்துவிட்டால் அந்த அறைக்கு எந்த அறிவிப்பும் எட்டாது.

தீ எச்சரிக்கை ஒலித்தால் இசை தானாக நிற்க வேண்டும். எச்சரிக்கைப் பலகையின் தொடுப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் ‘மியூட்’ முனைக்கு வயர் இழுத்து, ஒவ்வொரு ஒத்திகையிலும் சோதியுங்கள். மக்களை வெளியேற்றும் அறிவிப்புக்கு இதே அமைப்பைப் பயன்படுத்துவதானால், அதற்கென்றே சான்று பெற்ற கருவிகளும் வயர்களும் வேண்டும். மேலே சொன்ன எளிய அமைப்பு அதற்குப் போதாது.

படி 9: தொலைபேசிக் காத்திருப்பு

அதுவும் ஒரு காத்திருப்பு அறைதான், சுவர் இல்லாதது. பழைய தொலைபேசி லைனில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் அறுந்துபோய், நெருக்கமான வாத்தியக் குழு தகர டப்பாவாகக் கேட்கும். தனிப் பியானோ, தனிக் கிட்டார் தாங்கும். கோப்பை நொடிக்கு 8,000 மாதிரிகள் (8,000 ஹெர்ட்ஸ்) கொண்ட மோனோவாக நீங்களே மாற்றி, அந்த வீச்சுக்கு வெளியே இருப்பதை வெட்டி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து ஏற்றுங்கள். தொலைபேசி ஒலியை எண்களாக்கி அனுப்பும் முறைகளில், ஜி.711 குறியாக்கத்தில் இசை ஓரளவு பிழைக்கும். ஜி.729 பேச்சுக்கென்றே உருவானது, இசையை நீருக்குள் இருந்து வருவது போல ஆக்கிவிடும். பேச்சு இல்லாத நேரத்தை அறுக்கும் அமைப்பு இயங்கினால், மெல்லிய இசையை மௌனம் என்று எண்ணித் துண்டு துண்டாக்கும், அதை நிறுத்துங்கள்.

இருபது நொடிக்கு ஒருமுறை இசையை நிறுத்தி ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று சொல்வது கொடுமை. இசை நின்ற ஒவ்வொரு முறையும் ஆள் வந்துவிட்டார் என்று எண்ணிக் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு நிமிர்வார் அவர். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை போதும், அதுவும் வரிசையில் எத்தனையாவது என்ற தகவலோடு. ஒரே சுழற்சி குறைந்தது ஐந்து நிமிடமாவது ஓடட்டும்.

படி 10: உரிமம்

பொது இடத்தில் ஒலிக்கும் பாடலில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: இயற்றியவருடையது, பதிவு செய்தவருடையது. வீட்டுக்கென்று சந்தா கட்டிய செயலியின் விதிகள் பொதுவாக வணிக இடத்தில் ஒலிக்க அனுமதிப்பதில்லை. நூறாண்டுக்கு முன் மறைந்தவர் இயற்றியது என்றால் உருப்படிக்கு உரிமை தீர்ந்திருக்கலாம், ஆனால் சென்ற ஆண்டு அதை வாசித்துப் பதிந்தவரின் உரிமை உயிரோடு இருக்கும். வணிக இடங்களுக்கான சேவை, அல்லது பொது ஒலிபரப்பை வெளிப்படையாக அனுமதிக்கும் உரிமத்தோடு வாங்கிய தொகுப்பு, அல்லது அந்த நாட்டின் உரிமச் சங்கத்திடம் பெற்ற அனுமதி, இந்த மூன்றில் ஒன்று வேண்டும். ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

படி 11: சோதனை, பழுது, ஒப்படைப்பு

இளஞ்சிவப்பு இரைச்சல் எனப்படும் சோதனை ஒலியை ஓடவிட்டு மீட்டரோடு எல்லா இருக்கைகளுக்கும் நடந்து பாருங்கள். வித்தியாசம் கூட்டல் கழித்தல் 3 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். பிறகு ஒருவர் மைக்கில் பழக்கமில்லாத இருபது பெயர்களைப் படிக்க, இன்னொருவர் கடைசி இருக்கையில், இசையோடும் மக்களோடும், அவற்றை எழுதட்டும். இரண்டு பெயருக்கு மேல் தவறினால் இசையை 3 டெசிபல் இறக்கி மறுபடி சோதியுங்கள்.

பழுதுகளில் பெரும்பாலானவை சில காரணங்களுக்குள் அடங்கும். விடாத ‘உம்ம்’ என்ற ரீங்காரம் என்றால் பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு இடத்தில் நில இணைப்புப் பெற்றிருக்கும். இடையில் இரண்டையும் மின்னளவில் பிரிக்கும் 1:1 டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே நிற்கும்போது ஒலி மெலிந்து பொள்ளலாகக் கேட்டால், ஒன்றில் கூட்டலும் கழித்தலும் மாறியிருக்கிறது. ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் கத்தினால் அதன் வாட் இணைப்பு வேறு. ஆம்ப்ளிஃபயர் அடிக்கடி தன்னைத் தானே நிறுத்திக்கொண்டால், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் ஸ்பீக்கரை யாரோ லைனில் சேர்த்திருக்கலாம், அல்லது கூரைச் சட்டத்தின் விளிம்பில் வயர் நசுங்கியிருக்கலாம். மோனோவில் ஓட்டும்போது பாடலின் ஒரு கருவி மட்டும் காணாமல் போனால், அந்தப் பதிவிலேயே இரண்டு சேனலும் எதிரெதிராக இருக்கின்றன, பாடலை மாற்றுங்கள். திடீர் செய்தி மணிகள் வந்தால் யாரோ கைபேசியைப் பிளேயராகப் பயன்படுத்துகிறார்கள். தனிப் பிளேயர் வையுங்கள். இணையம் அறுந்தாலும் ஓடும்படி பாடல்கள் அதன் உள்ளேயே இருக்கட்டும்.

வால்யூம் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போவது கருவியின் பழுது அல்ல. பரபரப்பான நேரத்தில் ஏற்றியவர் இறக்க மறந்துவிடுகிறார். முதன்மைக் குமிழைப் பூட்டி, மேசையில் 6 டெசிபல் வீச்சுள்ள ஒரு குமிழும் ஒரு நிறுத்து பொத்தானும் மட்டும் கொடுங்கள். நிறுத்து பொத்தானை எந்த வருகையாளர் கேட்டாலும் தயங்காமல் அழுத்தலாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக, ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் கதவுக்குள் ஒரு தாளை ஒட்டுங்கள். எந்தக் குமிழ் எந்த எண்ணில், ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் வாட் இணைப்பும், லைனின் அளந்த ஓம், ஐந்து இடங்களின் டெசிபல், தீ எச்சரிக்கைச் சோதனையின் கடைசித் தேதி, உரிமம் முடியும் தேதி. அடுத்த முறை திறப்பவர் இவை எல்லாவற்றையும் மீண்டும் அளந்து, பழைய எண்ணை அடிக்காமல் அதற்குப் பக்கத்திலேயே புதியதை எழுதட்டும்.